ஆடு இருபது, புலி நாலு

ஆம்பூர்க்காரர்கள் ஆட்டை இரண்டு விதமாகக் கொண்டாடுவார்கள். ஒன்று பிரியாணி. மற்றது பூட்ஸ். மூன்றாவதாக ஒரு விதம் இருப்பதைச் சமீபத்தில்தான் பார்த்தேன்.

பழைய நண்பர் ஒருவர். ஷூ கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெயர் வேண்டாம். ஊரில் எல்லோரையும் போல நானும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். மதியம் அவர் வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். எழுந்து நடக்க முடியாத நிலையில் சுவரில் சாய்ந்திருந்தபோது, பத்து வயதுப் பேத்தி ஒரு தோல் சுருளைக் கொண்டு வந்து தரையில் விரித்தாள். ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய வேஸ்ட் துண்டு. அதில் சூடு வைத்துக் கோடுகள் இழுத்திருந்தது. ஆடு புலி ஆட்டம். ஷூ லேஸ் நுழைப்பதற்கான பித்தளை வளையங்கள் ஆடுகள். ஹீல் ரப்பரில் வெட்டிய மூன்று துண்டுகள் புலிகள்.

"நானா, சாருக்குப் பின்பக்கம் காட்டுங்க" என்றாள்.

பாய் கொஞ்சம் வெட்கப்பட்டுத் தோலைத் திருப்பினார். பின்பக்கமும் அதே ஆட்டம்தான், ஆனால் ஒரு வரிசை அதிகம். ஆடு பதினைந்துக்குப் பதில் இருபது. புலி மூன்றுக்குப் பதில் நாலு.

"இன்னா சார் பண்றது? பதினஞ்சு ஆடு வெச்சிக்கினு இவ என்னைப் பூட்டிடறா. அதான் காட்டைப் பெருசாக்கிட்டேன்" என்றார்.

உலகம் முழுக்கப் பலகை விளையாட்டு விற்பவர்கள் இதற்கு 'எக்ஸ்பான்ஷன்' என்று பெயர் வைத்துத் தனி டப்பாவில் விற்கிறார்கள். ஒரு விளையாட்டு நன்றாக ஓடினால் அடுத்த வருஷமே அதற்கு ஒரு விரிவாக்கம் வரும். பாய் செய்ததும் அதுதான், டப்பா மட்டும் இல்லை. டப்பாவில் வருவதை விமர்சிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். வேஸ்ட் துண்டில் வருவதை யார் விமர்சிப்பது? நான் செய்கிறேன்.

முதலில் மூல ஆட்டம். மறந்துபோனவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலை மாதிரி உச்சிப் புள்ளி. அதிலிருந்து கீழே நாலு கோடுகள் விரிகின்றன. குறுக்கே ஒரு செவ்வகம், அதில் மூன்று படுக்கைக் கோடுகள். அடியில் ஒரு அடிக்கோடு. உச்சி 1, படுக்கைக் கோடு ஒவ்வொன்றிலும் 6, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் உச்சியைச் சுற்றி உட்காரும். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். பதினைந்தும் வந்து சேரும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் வெட்டலாம். ஆடு வெட்டாது, சூழ்ந்து நிற்கும். எந்தப் புலியும் நகர முடியாமல் பூட்டினால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்தச் சண்டையைத் திண்ணையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆந்திர எல்லை ஒரு கூப்பிடு தூரம் என்பதால், இதே ஆட்டத்தை அங்கே 'புலி ஜூதம்' என்கிறார்கள். உருதுவில் 'ஷேர் பக்ரி'. மூன்று மொழி புழங்கும் தோல் பெல்ட்டில் மூன்று பெயரிலும் ஆடலாம். ஆட்டம் மட்டும் ஒன்று.

ஆடு புலியின் விசேஷம் அதன் அநியாயம். செஸ், கேரம் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ஒரே படை. இங்கே ஒருவருக்குப் பல், இன்னொருவருக்கு எண்ணிக்கை. ஆனாலும் சமமாக நிற்கிறது. எப்படி? அந்த 23, 15, 3 என்ற எண்களால்தான். அதில் கைவைப்பது டாக்டர் இல்லாமல் ஆபரேஷன் செய்வது மாதிரி.

அதனால் யாரும் கைவைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நேபாளத்தில் 'பாக் சால்' என்று ஒரு சகோதரன் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து சதுரத்தில் 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. ஐந்து ஆட்டை வெட்டினால் புலி ஜெயிக்கும். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கம்ப்யூட்டரில் கடைசிவரை அலசி, இரு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் டிராதான் என்று முடிவு சொன்னார்கள். அந்தக் கட்டுரை 2009-ல் ஒரு தொகுப்பில் வெளிவந்தது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் இந்தச் சமநிலையை யாரோ மலையடிவாரத்தில் கூழாங்கல்லை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இலங்கையில் சிங்களவர்களிடம் 'திவியன் கெலிய' என்று சிறுத்தை ஆட்டம் உண்டு. 2 சிறுத்தை, 24 மாடு. நம் முக்கோணப் பலகை ஆட்டமும் அங்கே இருக்கிறது. அதன் பெயர் 'தெமள திவியன் கெலிய', அதாவது தமிழர்களின் சிறுத்தை ஆட்டம். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1909-ல் இலங்கையின் பழமை பற்றி எழுதிய நூலில் இந்த விளையாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார். சிங்களவர்களின் பெரிய பலகையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நடுச் சதுரத்தைப் பெரிதாக்கியதோடு நிறுத்தாமல், பக்கங்களில் முக்கோணங்களை ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐரோப்பாவிலும் உண்டு. 'நரியும் வாத்துகளும்' என்ற ஆட்டத்தில் ஒரு நரி, 13 வாத்து. வாத்துகள் தோற்றுக்கொண்டே இருந்ததாலோ என்னவோ, பிறகு 15 ஆக்கினார்கள், 17 ஆக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே சிலுவைப் பலகையில் ஒரு மூலையைக் கோட்டையாக்கி, 2 அதிகாரிகள், 24 சிப்பாய்கள் என்று 'அசால்ட்டோ' வந்தது. வெட்ட வாய்ப்பிருந்தும் வெட்டாத அதிகாரியைப் பலகையிலிருந்து தூக்கிவிடலாம் என்று ஒரு சுவாரசியமான விதி. கோட்டையின் ஒன்பது புள்ளிகளையும் நிரப்பினால் சிப்பாய்களுக்கு ஜெயம். 1857-க்குப் பிறகு இங்கிலாந்தில் இந்த வகை ஆட்டத்தை 'அதிகாரிகளும் சிப்பாய்களும்' என்ற பெயரில் வரவேற்பறையில் உட்கார்ந்து ஆடினார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வராது. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் நடந்தது பொம்மைச் சண்டை இல்லை. புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த சின்னம், நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவுகள் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பலகையில் வெட்டுப்பட்ட சிப்பாயை எடுத்து டப்பாவில் போட்டு அடுத்த ஆட்டம் ஆடலாம். அதுதான் விளையாட்டின் சௌகரியம்.

விமர்சகனாக 'அசால்ட்டோ'வுக்கு என் மார்க் இதுதான்: அது விரிவாக்கம் இல்லை, வேறு ஆட்டம். 'சூழ்ந்து பூட்டு' என்ற லட்சியத்தை 'இடத்தைப் பிடி' என்று மாற்றிவிட்டார்கள். வாத்தாக ஆடி நீங்கள் கற்ற எதுவும் சிப்பாயாக ஆடும்போது முழுசாகப் பயன்படாது.

நல்ல விரிவாக்கம் எப்படி இருக்கும்? ஜப்பானில் ஷிம்பேய் சாட்டோ என்பவர் 2014-ல் 'ஓனிடாமா' என்று ஓர் ஆட்டம் வெளியிட்டார். ஐந்துக்கு ஐந்து கட்டம், ஆளுக்கு ஐந்து காய். எப்படி நகரலாம் என்று சொல்லும் அட்டைகள் 16. ஒரு ஆட்டத்துக்கு அதில் ஐந்துதான் எடுக்க வேண்டும். 2017-ல் வந்த விரிவாக்கத்தில் இன்னும் 16 அட்டைகள் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பலகை அதே, காய் அதே, அப்போதும் ஆட்டத்துக்கு ஐந்து அட்டைதான். கையாளவேண்டிய பாரம் கூடவில்லை, யோசிக்கவேண்டிய புதுமை கூடியது. 'ஹைவ்' என்ற பூச்சி ஆட்டத்துக்கு 2007-ல் கொசு வந்தது. ஆளுக்கு ஒரே ஒரு காய். அது பக்கத்தில் இருக்கும் பூச்சி எப்படி நகருமோ அப்படி நகரும். ஒரு காயில் ஆட்டமே புதிதாகிவிடுகிறது. நம் ஊர்க் கொசுவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஆச்சரியமில்லை.

இந்த அளவுகோலோடு பாயின் பின்பக்கத்துக்கு வருகிறேன்.

பேத்தி ஆடு. நான் புலி. முதல் பத்து ஆடு இறங்குவதற்குள் நாலை வெட்டிவிட்டேன். எனக்குத் திறமை என்று நினைக்காதீர்கள். முன்பக்கத்தில் இதே பெண் என்னை அரைமணி நேரத்தில் பூட்டியிருந்தாள். பின்பக்கத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒளியறதுக்கு எடமே பத்தல" என்றாள்.

குழந்தைகள் சொல்வதை விமர்சகர்கள் காதில் வாங்க வேண்டும். பேப்பரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆடு புலியில் சில புள்ளிகளில் இருக்கும் ஆட்டை யாராலும் வெட்ட முடியாது. எல்லாக் கோடும் அங்கேயே முடிகிறது என்பதால் தாண்டிக் குதிக்கப் புலிக்கு மறுபக்கம் இல்லை. முன்பக்கப் பலகையில் இப்படி எத்தனை? உச்சி 1, செவ்வகத்தின் மூலைகள் 4, அடிக்கோட்டின் இரண்டு முனைகள். மொத்தம் 7. உச்சியைப் புலி பிடித்துக்கொள்வதால் ஆரம்பத்தில் ஆட்டுக்குக் கிடைப்பது 6.

பின்பக்கத்தில்? ஒரு வரிசை கூடி 23 புள்ளி 29 ஆகிவிட்டது. ஆனால் செவ்வகத்துக்கு மூலை அதே நாலு. அடிக்கோட்டுக்கு முனை அதே இரண்டு. பத்திரமான இடம் அதே 7, கைக்குக் கிடைப்பது அதே 6. முன்பு 15 ஆட்டில் ஆறு ஒளிந்தால் 9 வெளியே நிற்கும். இப்போது 20-ல் ஆறு ஒளிந்தால் 14 வெளியே. புலியோ நாலு. வேட்டை நடக்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் புலிக்குச் சாதகமான விரிவாக்கம் என்று எழுதி முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. அடுத்த ஆட்டத்தில் பாயே ஆட்டை எடுத்துக்கொண்டு, மெதுவாக, இரண்டே ஆடு இழந்து இருபதையும் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு என் நாலு புலியும் பிதுங்கிப்போயின. ஏன்?

மறுபடி பேப்பர். உச்சியில் இருக்கும் புலியைப் பூட்ட, பக்கத்தில் நாலு ஆடு, அந்த நாலுக்கும் பின்னால் முட்டுக்கொடுக்க நாலு, ஆக 8 வேண்டும். மூலையில் இருக்கும் புலிக்கு இரண்டும் இரண்டும் 4 போதும். முன்பக்கத்தில் ஒரு புலி உச்சியிலும் இரண்டு மூலையிலும் இருந்தால், தனித்தனியாகப் பூட்ட 8, 4, 4 என்று 16 ஆடு தேவை. கையில் இருப்பது 15! அந்த ஒரு ஆட்டுப் பற்றாக்குறையில்தான் முழு விளையாட்டின் உயிரும் இருக்கிறது. ஒரே ஆடு இரண்டு வேலை பார்க்கும்படி நிறுத்த வேண்டும். ஒரு புலியை இன்னொரு புலியின் வழியிலேயே நிற்கவைக்க வேண்டும். அதற்குத்தான் மூளை.

பின்பக்கத்தில் 8, 4, 4, 4. கூட்டினால் 20. கையிலும் சரியாக 20. பற்றாக்குறை போய்விட்டது. பாய் இரண்டை இழந்திருந்தாலும், பத்திரமாக இறங்கிய கூட்டத்துக்கு வேலை சுலபமாகிவிட்டது.

ஆக, என் தீர்ப்பு: பாயின் விரிவாக்கம் தொடக்கத்தில் ஆட்டுக்கு அதிகக் கொடுமை, முடிவில் அதிகச் சலுகை. முதல் பாதியில் தப்பித்தால் இரண்டாம் பாதியில் யோசிக்க வேண்டாம். ஒரு புலிக்கு ஐந்து ஆடு என்ற விகிதம் மாறவில்லை. காய் எல்லாம் இறங்கிய பிறகு ஐந்து புள்ளி காலி என்பதும் மாறவில்லை. காகிதத்தில் எல்லாம் சரி. விளையாட்டு மட்டும் நடுவில் பிளந்துபோயிருக்கிறது. விகிதத்தைக் காப்பாற்றியவர் மூலைகளை மறந்துவிட்டார்.

இதைச் சொன்னபோது பாய் சிரித்தார். "இந்த ஊரே அப்டித்தான சார் பெருசாச்சு" என்றார்.

அவர் அப்பா காலத்தில் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்தார்கள். 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று அதற்கு உலகப் பெயர். புவிசார் குறியீடு கூடக் கிடைத்திருக்கிறது. 1970-களில் சீதாராமய்யா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை விற்காதீர்கள், முழுசாகச் செய்த சரக்கை ஏற்றுமதி செய்யுங்கள் என்றது. அதுவும் ஒரு விரிவாக்கம்தான். பட்டை போய் குரோமியம் வந்தது, ஷூ கம்பெனி வந்தது, பாய்க்கு வேலை வந்தது. ஆலை கூடியது, கெமிக்கல் கூடியது, வேலைக்குப் போகும் பெண்கள் கூடினார்கள். கூடாதது ஒன்றுதான். பாலாறு.

1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியா முழுக்க இன்றுவரை காட்டப்படும் தீர்ப்பு. தோல் பெல்ட்டில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ ஓரளவோ பாழானதை அது பதிவு செய்தது. 2025 ஜனவரி 30-ல் அதே பாலாறு, அதே தோல் கழிவு, மறுபடியும் சுப்ரீம் கோர்ட், மறுபடியும் நஷ்டஈடு உத்தரவு. நடுவில் 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது. கோடுகள் கூடின. ஒளியறதுக்கு எடம்?

பாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. "அந்தத் தோல்தான் சார் எனக்குச் சோறு போட்டுச்சு, மூணு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவெச்சுச்சு. தண்ணி மட்டும் கேன் வாங்கறேன்" என்றார். இரண்டு வாக்கியத்திலும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்து ஆடத் தெரியாததுதான் நம் பிரச்னை.

சரி, பலகைக்கு வருவோம். நான் ஒரு திருத்தம் சொன்னேன். இலங்கைக்காரர்கள் செய்த மாதிரி, செவ்வகத்தின் இரண்டு பக்கமும் ஒரு முக்கோணம் ஒட்டுங்கள். மேல் மூலையிலிருந்தும் கீழ் மூலையிலிருந்தும் சாய்வாக ஒரு கோடு, வெளியே ஒரு புள்ளியில் சந்திக்கட்டும். இரண்டு புது ஒளிவிடம். ஏழு ஒன்பதாகும். ஆடு அங்கே நின்றால் வெட்ட முடியாது. புலி பேராசைப்பட்டு அங்கே நுழைந்தால், இரண்டு மூலையிலும் இரண்டே ஆடு நிறுத்திப் பூட்டிவிடலாம். இருபதுக்குப் பதில் பதினெட்டு ஆடு வைத்தால் முடிவில் சலுகையும் போய்விடும்.

பாய் யோசித்தார். "அப்ப புலி அந்தப் பக்கமே போவாதே சார்?"

"போகாமல் இருக்கட்டும் பாய். அதற்குத்தான் அது."

பேத்திக்குப் பிடித்துவிட்டது. உடனே பேனா எடுத்துக்கொண்டு வந்தாள். தோலைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஓரம் வரை செவ்வகம். முக்கோணம் போட இடமில்லை.

நீங்கள் தரையில் சாக்பீஸால் போட்டுப் பாருங்கள், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். முன்பக்க ஆட்டம் பத்து ஆடி, ஆடு ஜெயிக்கத் தெரிந்த பிறகு பின்பக்கம் போங்கள். குழந்தையோடு ஆடினால் ஆட்டைக் குழந்தைக்குக் கொடுங்கள். கூட்டமாக நின்றால் பல்லை ஜெயிக்கலாம் என்று சின்ன வயசிலேயே தெரிந்திருப்பது நல்லது.

பாய் தோலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பெரிய துண்டா வேணும். அதுக்கு இன்னொரு ஆடு வேணுமே சார்."